எல்லைக்கல்லும் கரும்பலகையும்

பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கு நோக்கிச் சென்றால், செம்மஞ்சேரியோடு சென்னை மாநகராட்சி முடிகிறது. நாவலூரை அடுத்த சிறுசேரி, திருப்போரூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. மேற்கே தாம்பரம், 2021 நவம்பரில் தனி மாநகராட்சியாயிற்று. இம்மூன்று இடத்துப் பிள்ளைகளும் ஒரே பாடநூலைப் படிக்கின்றனர். ஆனால் பள்ளிக்குரிய பணப்பை ஒன்றன்று. சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளைத் தன் நிதியால் பேணுகிறது. ஒன்றியப் பள்ளியின் கூரையும் கழிப்பறையும் ஒன்றியத்தையும் ஊராட்சியையும் நம்பியிருக்கின்றன. கணினிப் பூங்கா அமைந்த ஊருக்கும் ஏரிப்பாசனத்தை நம்பிய ஊருக்கும் வரிவருவாய் ஒன்றாகுமா? இவ்வேற்றுமையின் வேர் நாம் எண்ணுவதினும் ஆழமானது.

1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு, தொடக்கக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. நாட்டுப்புறத்துப் பணத்தை நகரப் பள்ளிகள் விழுங்கிவிடாதபடி, இரண்டிற்கும் தனித்தனிக் கணக்கு வைக்கவும் சொன்னது. நோக்கம் நல்லதே. ஆயினும் தனிக்கணக்கு சிற்றூரின் சிறுதொகையைக் காக்க முடியுமேயன்றிப் பெருக்க இயலாது.

சென்னை மாகாணத்தின் 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சி மன்றங்கள் கல்விவரி விதிக்க இடமளித்தது. வசூலாகும் தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கை அளிக்கும். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடு. ஆனால் எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியருகே நின்று இதனை எண்ணிப் பார்ப்போம். செல்வர் இட்ட பெருந்தொகைக்கு ஈடாகப் பெருந்தொகை. ஏழைக் கைம்பெண் இட்ட இரு காசுக்கு ஈடாக இரு காசு! ஈட்டுத்தொகை கொடுப்பவரின் தியாகத்தை அளப்பதில்லை, வசதியையே அளக்கிறது.

அதே 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. பாராட்டத்தக்க செயல். மாநிலம் தழுவிய பகலுணவுத் திட்டத்திற்கோ 1956 வரை, காமராசர் காலம் வரை, பிள்ளைகள் காத்திருக்க நேர்ந்தது.

பெரியதொரு திருப்பம் 1981 சூன் முதல் நாள் நிகழ்ந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். கற்பிப்பவரின் ஊதியமேனும் ஊரின் செல்வநிலையைச் சாராத பொறுப்பாயிற்று.

ஆனால் எல்லைக்கோடுகள் மறையவில்லை. 2011-இல் சோழிங்கநல்லூர், பெருங்குடி முதலிய பகுதிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. மக்கள் மாநகராட்சிக்கு வரி செலுத்தினர்; அங்கிருந்த அரசுப் பள்ளிகளோ ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னரே மாநகராட்சியின் பொறுப்பில் வந்தன.

நம் திருச்சபையின் பள்ளிகளைத் தொடும் கோடும் ஒன்றுண்டு. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்குத் தமிழக அரசு உதவித்தொகை அளிப்பதில்லை. பழைய நகர்ப்பகுதிகளில் முன்னரே வேரூன்றிய பள்ளிகள் உதவி பெறுகின்றன. பிற்பாடு வளர்ந்த தென்புறநகரில் எழும் புதிய பள்ளி, பெற்றோரின் கட்டணத்தை நாடவேண்டியுள்ளது. காலத்தை வைத்துக் கிழித்த கோடு, இடத்தைப் பிரிக்கும் கோடாகிவிட்டது.

எனினும் கோடுகள் அழியக்கூடியவையே. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 சூலையில் ஊரகப்பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இம்முறை காத்திருந்தவர் நகரத்துக் குழந்தைகள். பசிக்கு ஊராட்சியும் தெரியாது, மாநகராட்சியும் தெரியாது.

இவ்வரலாறு நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது: பொதுப்பணம் ஊரின் வசதியைப் பார்த்தன்று, குழந்தையின் தேவையைப் பார்த்துப் பகிரப்பட வேண்டும். கிராமசபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேச நமக்கு இடமுண்டு. நம் பிள்ளை படிக்காத பள்ளியின் ஒழுகும் கூரைக்காகவும் அங்கே எழுந்து பேசுவோமாக.