சிவப்பு நூல் சாட்சி

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் முந்தானையை விரித்ததுமே ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. கடைக்காரர் முகம் சுளிப்பார், அவர்கள் விடுவதில்லை. உலோகம் விலகிச் சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்த்தால் அசல், வெள்ளை நூல் தெரிந்தால் போலி என்பது பாட்டி காலத்துக் கணக்கு. போலி செய்கிறவருக்கும் சிவப்புச் சாயம் கிடைக்கும் என்பதைப் பாட்டி யோசிக்கவில்லை.

ஜரிகை என்பது வெள்ளியும் செம்பும் கலந்த கம்பி. அதை மயிரிழையாக இழுத்து, தட்டி, சிவப்புப் பட்டு நூலின்மேல் சுற்றி, கடைசியில் மின்முலாமாகத் தங்கம் ஏற்றுவார்கள். கண்ணில் படுவது தங்கம். காசு போவது வெள்ளிக்கு.

அந்த வெள்ளி எவ்வளவு என்பதுதான் நெடுநாள் வழக்கு. காஞ்சிபுரம் தறிகளுக்கு ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. மார்க்குக் கணக்கில் விற்பனை. ஒரு மார்க்கு சுமார் 242 கிராம். எடையைத் தராசு சொல்லிவிடும், உள்ளடக்கத்துக்கு விற்றவர் வாக்குதான். தீயில் போட்டால் உண்மை தெரியும். பழைய பட்டுப்புடவை வாங்குகிற வியாபாரிகள் அப்படித்தான் செய்கிறார்கள்: எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். பழுதில்லாத சோதனை. என்ன, சோதனை முடியும்போது புடவை இருக்காது.

சூரத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்று தமிழக அரசு 1971-ல் காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தைத் தொடங்கியது. பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கங்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு ஜரிகை கிடைத்தது. தரமும் எண்ணாகியது: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. ஒரு காலத்தில் பாதிக்கு மேல் இருந்த வெள்ளி, விலை ஏற ஏற இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. அதாவது இன்றைய அசல், பாட்டியின் தராசில் நிற்காது. இதை வாங்குகிறவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லும் கடைகள் குறைவு.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஜரிகைச் சோதனைக்கு மதிப்பு கூடியது. இப்போது எக்ஸ் கதிர் கருவி இருக்கிறது. புடவையைச் சுரண்டாமல், எரிக்காமல், கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் திருப்பி அனுப்பும் ஒளிர்வை வைத்துத் தங்கம், வெள்ளி, செம்பு விகிதத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரையை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். அது பட்டு சுத்தமா என்பதற்கு மட்டும் பொறுப்பேற்கும், ஜரிகைக்கு அல்ல.

கதிர்க் கருவிக்கும் எல்லை உண்டு. உலோகத்துக்குள் இருப்பது பட்டா பாலியஸ்டரா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஒரு இழையை உருவி நெருப்பில் காட்ட வேண்டும்: பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து பொடியும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகும். கரையும் உடலும் கோர்வையாகத் தறியில் இணைந்தனவா என்பதையும் கருவி சொல்லாது. புடவையைத் திருப்பிப் போட்டு இணைப்பைத் தடவிப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.