உறுப்பு விளையும் காலமும் உறுப்பு விற்கும் ஊரும்

கொங்கு நாட்டில் முதிர மலைக்குத் தலைவனாயிருந்த குமணன், நாடிழந்து காட்டில் உறைந்தபோது, அவன் தலையைக் கொணர்வார்க்குப் பெரும்பொருள் தருவதாக அவன் தம்பி அறிவித்திருந்தான் என்பது வழக்கு. அந்நிலையில் வறுமையால் நலிந்து வந்து நின்றார் பெருந்தலைச் சாத்தனார். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாத குமணன் தன் வாளை உருவிப் புலவர் கையில் கொடுத்தான். தலையைக் கொண்டுபோய் விலை பெறுக என்பது கருத்து. புலவர் வாளைப் பெற்றார், தலையைக் கொள்ளவில்லை. மனித உறுப்புக்கு விலை குறிக்கப்பட்ட கதை நம் நாட்டிலேயே உண்டு என்பதற்காக இதனைச் சொல்கிறேன். அக்கதையில் கொடுக்க முன்வந்தவன் அரசன். பெற வந்தவர் ஏழை. நம் காலத்தில் இது தலைகீழாயிற்று. எவ்வாறு ஆயிற்று என்பதே மாணவ நண்பர்களுக்கு நான் சொல்ல வந்த வரலாறு.

1954 டிசம்பர் 23 ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரே என்னும் அறுவை மருத்துவர், ரொனால்டு ஹெரிக் என்ற இளைஞரின் சிறுநீரகங்களுள் ஒன்றை எடுத்து, அவர் உடன்பிறந்தாராகிய ரிச்சர்டுக்குப் பொருத்தினார். அதற்கு முன் செய்த முயற்சிகள் நிலைக்கவில்லை. அயலான் உறுப்பை உடல் பகையெனக் கண்டு அழித்துவிடும். இம்முறை அழிக்கவில்லை. ஏன்? அவ்விருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஒருவர் மற்றவரின் படி எனலாம். இன்று ‘குளோனிங்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அதனை இயற்கை தானே செய்து வைத்திருந்தது. ஆகவே வெற்றி பெற்ற முதல் உறுப்பு மாற்றமே ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு நிகழ்ந்தது என்று சொன்னால் தவறாகாது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: அந்தப் படிக்கு வாய் இருந்தது. அறுவைக்கு முதல் நாள் இரவு, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுமாறு நோயாளி தம் உடன்பிறந்தார்க்குக் குறிப்பு எழுதி அனுப்பினார். அவர் போக மறுத்து இருந்துவிட்டார். கேட்கப்பட்டார், இசைந்தார்.

நம் நாட்டில் 1971 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்றம் வெற்றி கண்டது. 1980 களில் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து பரவியது. உடலின் எதிர்ப்பை அடக்கும் இம்மருந்தினால் உறவல்லாதார் உறுப்பும் பொருந்துவதாயிற்று. மருத்துவத்துக்கு இது பெரும்பேறு. ஆனால், உறவு வேண்டாம் என்றானவுடன் பணம் போதும் என்றாயிற்று. சென்னை வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்றோர் பெருகி, அவ்வூர்ப் பெயரையே மாற்றிக் ‘கிட்னி வாக்கம்’ என்று ஏளனமாக அழைக்கும் நிலை வந்தது.

நான் வாழும் பெருந்துறைக்குக் கிழக்கே ஈரோடு. ஈரோட்டைக் கடந்து காவிரிப் பாலம் ஏறி இறங்கினால் பள்ளிபாளையம். அதே கரையில் வடக்கே சென்றால், பவானிக்கு எதிரே குமாரபாளையம். இரண்டும் விசைத்தறி ஊர்கள். தறிக்காரரிடம் தொழிலாளி முன்பணமாக வாங்கும் தொகையைப் ‘பாக்கி’ என்பர். அது தீரும் வரை தறியை விட்டு நகர முடியாது. திருமணம், நோய், ஒரு சாவு, எதுவாயினும் பாக்கி ஏறும். வெளியே வட்டிக்கு வாங்கினால் அதுவும் ஏறும். இப்படி ஏறிய கடனுக்கு எதிரே தரகர் வந்து நின்றார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே.

1994 இல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றி, உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. நெருங்கிய உறவினர் கொடுக்கலாம். பிறர், அன்பின் காரணமாகக் கொடுப்பதாயின், அதற்கென அமைந்த குழுவின் இசைவு பெற வேண்டும். நல்ல எண்ணத்தில் எழுதிய இந்த அன்பு என்னும் சொல்லின் வழியேதான் வாணிகம் உள்ளே நுழைந்தது. முன்பின் பாராத செல்வரிடம் ஏழைக்குத் திடீரென்று அன்பு பிறந்தது. அன்புக்குச் சான்றிதழும் கிடைத்தது!

விற்றவர் கடனாவது தீர்ந்ததா? 2001 இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர் வினவினர். நூற்றுக்கு 96 பேர் கடனுக்காகவே விற்றவர்கள். வினவிய நாளிலும் நாலில் மூவர் கடனில் இருந்தனர். குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நலம் குன்றியதாக 86 விழுக்காட்டினர் கூறினர். உடலை விற்றும் கடன் நின்றது என்பதைவிடக் கொடிய கணக்கு எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் பிறகு 2025 இல் பள்ளிபாளையம் மீண்டும் செய்தியாயிற்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க நேர்ந்தது.

இந்நிலையில், உறுப்பைச் சோதனைச் சாலையிலேயே விளைவித்துவிடலாம் என்று அறிவியல் கூறும்போது, நெசவாளியின் விலா தப்பும் என்றே மனம் மகிழ்கிறது. இதனை இயற்கைக்கு மாறு என்று ஒதுக்குவோர் பள்ளிபாளையத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆயினும் விளைச்சலுக்கு விதை எங்கிருந்து வரும்? 1996 இல் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் ஆட்டுக்குட்டி படியாகப் பிறந்தது. 277 முட்டைகளில் முயன்று கிடைத்த ஒரே குட்டி அது. மனிதனின் உயிரணுவுக்கு இம்முறையைக் கையாள்வதாயின், பெண்களின் கருமுட்டை எத்தனை வேண்டும்? அவற்றைத் தருபவர் யார்? தென்கொரியாவில் ஹ்வாங் வூ சுக் என்னும் அறிஞர், படியெடுத்த மனிதக் கருவிலிருந்து உயிரணு பெற்றதாக 2004, 2005 ஆண்டுகளில் அறிவித்தார். அது பொய் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முட்டைகளுள் பல பணம் கொடுத்துப் பெற்றவை. சில அவரிடமே பணிபுரிந்த இளம்பெண்கள் தந்தவை.

கொரியா தொலைவு என்று எண்ண வேண்டா. 2022 இல் ஈரோட்டில் வயது வராத ஒரு சிறுமியின் கருமுட்டையைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை வெளிப்பட்டது. முட்டை தரும் பெண் 23 முதல் 35 வயதுக்குட்பட்டவராதல் வேண்டும், வாழ்நாளில் ஒரு முறையே தரலாம் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்து சில திங்களே ஆகியிருந்தன. அது மகப்பேற்றுக்காக நடந்த வாணிகம்; படியெடுப்புக்காக அன்று. எனினும் சிறுநீரகத்துக்கு வந்த தரகு, முட்டைக்கும் வந்துவிட்டது என்பதை மறுக்க முடியுமா? உறுப்புக்காக முழு மனிதனையே படியெடுத்து வளர்க்கலாம் என்போரும் உளர். அவ்வாறு வளர்பவன் ரொனால்டைப் போல ஓர் உடன்பிறப்பேயன்றிக் கிடங்குப் பொருள் அல்லன். நம் நாட்டு ஆராய்ச்சி நெறிமுறைகள் மனிதப் படியாக்கத்தைத் தடுத்திருப்பது சரியே.

முட்டை வேண்டாத வழி ஒன்றும் உண்டு. 2006 இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த எலியின் தோலணுவையே கருவணுப்போல் மாற்றினார். அடுத்த ஆண்டு மனித அணுவிலும் அது கைகூடியது. நோயாளியின் தோலிலிருந்தே அவர்க்கு வேண்டிய உறுப்பு. தரகருக்கு அங்கே இடமில்லை. என் விருப்பம் இவ்வழியே. ஆனால் மனிதனுக்குப் பொருத்தத் தக்க முழுச் சிறுநீரகம் இன்னும் அவ்வாறு விளையவில்லை.

அதுவரை இறந்தோர் தருவதே நேர்மையான வழி. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனின் உறுப்புகளை, மருத்துவர்களாகிய பெற்றோரே தானம் செய்தனர். அவன் இதயம் சென்னைச் சாலைகளைக் கடந்து ஒரு சிறுமியைச் சென்று சேர்ந்தது. அவ்வாண்டே தமிழக அரசு, மூளைச்சாவு அடைந்தோர் உறுப்புகளை முறையாகப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே வரிசை உண்டு, விலை இல்லை. 2023 இல், உறுப்பு தந்து இறந்தோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்னும் அறிவிப்பும் வந்தது. முன்பு அது பெரும்பாலும் ஆட்சியாளர்க்கும் புகழ்பெற்றோர்க்கும் உரியதாக இருந்தது. இப்போது தறிக்காரர் வீட்டு வாசலுக்கும் வருகிறது.