கூரையோரத்து இறப்பர்

கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டவை நோக்கி ஏறிச் செல்லும் வீதி தேயிலையின் நாட்டுக்குள் செல்லும் வீதியாகும். ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டுக் காட்டிய லூல்கந்துர தோட்டம் இம்மலைகளிலேயே இருக்கிறது. இறப்பர் மரமோ இந்தக் குளிரை விரும்புவதில்லை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி போன்ற தாழ்ந்த, வெம்மையும் ஈரமும் நிறைந்த பகுதிகளே அதற்கு உகந்தவை. ஆயினும் ஹேவாஹெட்ட வீதியில் ஏறுகின்ற ஒவ்வொரு மோட்டார் வண்டியும் சிறிதளவு இறப்பரைச் சக்கரங்களில் மட்டுமன்றித் தலையிலும் சுமந்தே செல்கிறது.

சக்கரத்து இறப்பரை எல்லாரும் அறிவர். அது தேய்ந்தால் உயிருக்கு ஆபத்து. கூரையோரத்திலும் கதவு விளிம்பிலும் முன் கண்ணாடியைச் சுற்றியும் பதிந்திருக்கும் கறுப்புப் பட்டியை நினைப்பவர் சிலரே. கராஜ்களில் அதனைப் பீடிங் என்பர். வாடைக் காற்றோடு வரும் மழை ஒரு நாள் அதன் வெடிப்பினூடாக உட்புகுந்து முழங்காலில் சொட்டும்போதுதான் அப்படியொரு பொருள் இருப்பதே உரியவருக்கு நினைவு வருகிறது. அதற்குள் பட்டியின் அடியிலே தேங்கிய நீர் கூரைத் தகட்டை அரிக்கத் தொடங்கியிருக்கும். பட்டியை மாற்றுவது அரை நாள் வேலை. துருப்பிடித்த கூரையை வெட்டி ஒட்டுவது மாதக் கணக்கில் இழுக்கும் வேலை.

மழையைத் தடுப்பதற்கு மனிதன் இறப்பரை நாடியது மோட்டார் வண்டி பிறப்பதற்கு நெடுநாள் முன்னரேயாகும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்டொஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கிடையே கரைத்த இறப்பரைப் பூசி நீர்புகா உடைக்கு உரிமம் பெற்றார். அவ்வுடை மழையை நன்றாகவே தடுத்தது. ஆனால் வெயிலில் பிசுபிசுத்தது. பனியில் மரப்பலகைபோல் விறைத்தது. இறப்பர் நீருக்கு அஞ்சாத பொருள். வெப்பத்துக்கும் குளிருக்கும் அஞ்சிய பொருள். அமெரிக்கரான சார்ள்ஸ் குட்யியர் 1839இல் இறப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை நீங்குவதைக் கண்டார். இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக்கும் அதே வழியை அடைந்தார். இம்முறைக்கு வல்கனைசுப்படுத்தல் என்று பெயர். அதுவன்றி மோட்டார் வண்டியின் டயரும் இல்லை. கூரைப் பட்டியும் இல்லை.

அக்காலத்தில் இறப்பர்ப் பால் அமேசன் காட்டிலிருந்தே வந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் தபாஜோஸ் ஆற்றுப் பிரதேசத்திலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் மாநகரத்துக் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். எண்ணெய்ச் செறிவுள்ள அவ்விதைகள் விரைவிற் கெட்டுவிடுபவை. முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. அந்த நாற்றுகளில் 1,919ஐக் கண்ணாடிப் பெட்டிகள் 38இல் அடுக்கி, அதே ஆண்டில் டியூக் ஒவ் டெவொன்ஷயர் என்னும் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினர். அவற்றைப் பெறும் பொறுப்பு பேராதனைத் தோட்டத்தாரைச் சார்ந்தது. பேராதனையின் மண்ணும் குளிரும் அவற்றுக்கு ஒவ்வா எனக் கண்டு, கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடையில் நட்டார்கள். ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழில் அந்த நாற்றுகளோடு நெருங்கிய தொடர்புடையது.

பேராதனையின் பங்கு நாற்றோடு முடியவில்லை. அங்கே பணிபுரிந்த ஜோன் பார்க்கின் 1890களின் இறுதியில் மரப்பட்டையைக் கீறுவதற்கும் பால் சுரப்பதற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். பாலை உறைய வைக்க அசெற்றிக் அமிலம் பயன்படும் என்பதையும் எடுத்துக்காட்டினார். 1906 செப்ரெம்பரில் பேராதனைத் தோட்டத்திலேயே இறப்பர்க் கண்காட்சியொன்று நடைபெற்றது. பாலை உறையவைத்து உருட்டும் பொறிகளைத் தோட்டத்துரைமார் அங்கே நேரிற் கண்டனர். பாலை எடுப்பது, உறையவைப்பது, தாளாக உருட்டுவது என இத்தனையையும் கண்டியின் அயலிலே ஆராய்ந்தார்கள். உருவான பொருளை முதுமை அடையாது காக்கும் ஆராய்ச்சி பெரும்பாலும் வேறு தேசங்களில், தொழிற்சாலைகளின் பக்கத்தில் வளர்ந்தது. இதனாலோ என்னவோ, இறப்பரை விளைவிக்கும் நாட்டினருக்கும் அதன் நோய்கள் அவ்வளவு தெரியாமலே போயின.

மோட்டார் வண்டியின் கூரை தோன்றிய வரலாறும் இவ்விடத்திற் சொல்லத் தக்கது. தொடக்ககால வண்டிகளுக்குத் துணியோ தோலோ போர்த்த மடிப்புக் கூரையே இருந்தது. மூடிய வண்டிகள் வந்தபின்னரும் கூரையின் நடுப்பகுதி நீர்புகாப் பூச்சுள்ள துணியாகவே விடப்பட்டது. அவ்வளவு அகலத் தகட்டை ஒரே துண்டாக அழுத்தி எடுக்க வசதியிருக்கவில்லை. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1935ஆம் ஆண்டு வண்டிகளில் முழு உருக்குக் கூரையை விளம்பரப்படுத்தியது. தகடு கூரையானதும் ஒழுக்கு நடுவிலிருந்து விளிம்புக்கு இடம் பெயர்ந்தது. கூரையின் ஓரத்தில் நீர் வழியும் கால்வாயும், கதவுக்கும் கண்ணாடிக்கும் இறப்பர்ப் பட்டியும் முக்கியமாயின. கூரை நீரைத் தடுக்கிறதென்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் நீரைத் தடுத்து நிற்பது கூரையின் சுற்றுவட்டமே.

பட்டி எதனால் அழிகிறது? மழையினால் என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. இயற்கை இறப்பரின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உள்ளன. காற்றில் மிகச் சிறிதளவாக உள்ள ஓசோன் அவற்றைத் தாக்கி வெட்டுகிறது; வெயிலும் ஒட்சிசனும் துணை நிற்கின்றன. ஓசோனின் தாக்கம் ஒரு விசித்திரமான இயல்புடையது. தளர்ந்து கிடக்கும் இறப்பரை அது அதிகம் வருத்தாது. இழுபட்டு நிற்கும் இறப்பரையே பிளக்கும். பிளவும் இழுப்புக்குக் குறுக்காகவே தோன்றும். ஆகவே பட்டியைப் பொருத்தும்போது நீளம் போதாதென்று இழுத்து ஒட்டுவது, அதற்கு ஆயுளைக் குறைத்துக் கொடுப்பதாகும். சற்றே நீளமாக வெட்டி, நெருக்கிப் பதிக்க வேண்டும். இழுத்து ஒட்டிய பட்டி பின்னர்ச் சுருங்கி மூலையில் இடைவெளியும் விடும். நல்ல கைவேலைக்காரர் மூலையிலிருந்தே தொடங்குவதன் காரணம் அதுதான்.

பட்டியின் இரண்டாவது பகைவன் வண்டியின் சொந்தக்காரரே. இதைச் சற்று வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பினாலேயே அவர் கெடுக்கிறார். பட்டி வெளிறிவிட்டது என்று கண்டதும் மண்ணெண்ணெயால் துடைக்கிறார். பின்னர் எஞ்சின் எண்ணெய் தடவுகிறார். சிலர் தேங்காய் எண்ணெயும் பூசுவர். அன்று மாலை பட்டி பளபளக்கும். சில வாரங்களில் அது ஊதி, மென்மையாகி, சொரசொரத்து விடும். கனிய எண்ணெய்கள் இயற்கை இறப்பருக்குள் நுழைந்து அதை வீங்கச் செய்பவை. 1931இல் அறிமுகமான நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பர் எண்ணெயை ஓரளவு தாங்கும். ஈத்தீன் புரோப்பீன் வகை இறப்பர் 1960களில் கைத்தொழிலுக்கு வந்தது. அதன் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லாமையால் ஓசோனும் வெயிலும் அதனிடம் எளிதில் வெற்றி பெறுவதில்லை. இக்காலப் பட்டிகள் பெரும்பாலும் அவ்வினத்தவை. ஆனால் அதுவும் கனிய எண்ணெய்க்கு ஆற்றாது. எண்ணெய் எல்லாமே இறப்பருக்குப் பகையல்ல. பழைய பிரேக் திரவங்கள் பலவற்றில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்ததே அங்குள்ள இறப்பர்க் கிண்ணங்கள் கெடக்கூடாது என்பதற்காகத்தான்.

ஹேவாஹெட்ட போன்ற இடத்தில் வண்டியைப் பேணுபவருக்கு வேண்டுவன எளிய காரியங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழைக்கு முன்னும் பட்டியின் இடுக்குகளில் உள்ள மண்ணை மென்சவர்க்கார நீரால் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் சிலிக்கோன் களிம்போ கிளிசரினோ மெல்லியதாகத் தடவலாம். கூரையில் கண்ணாடி விலகும் வாயிலுள்ள வண்டியெனில், அதன் நான்கு மூலைகளிலும் நீர் வடியும் குழாய்கள் உள்ளனவா என்று பார்த்துக்கொள்வது அவசியம். காற்றோடு வந்து சேரும் சருகும் பாசியும் அடைத்தால் பட்டி எவ்வளவு நல்லதாயினும் நீர் உள்ளேதான் திரும்பும். மடிப்புக் கூரை வண்டியை நனைந்தபடியே மடித்து வைத்தலாகாது. வீட்டுக்கு வந்ததும் விரித்து உலரவிட வேண்டும்.

இலங்கையில் மோட்டார் வண்டி இலகுவாய் மாற்றத்தக்க பொருளாக நெடுங்காலம் இருந்ததில்லை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. ஆதலால் மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் மலைநாட்டு வீதிகளில் அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடின. அவற்றின் கூரையைக் காத்தது உரியவரின் பொறுமையும் ஒரு விரல் தடிப்புப் பட்டியும்தான்.

பட்டியை முற்கூட்டியே வாங்கி வைப்போர் அதனைச் சுருட்டி ஆணியில் தொங்கவிடுவதுண்டு. மாதங்கள் கழித்து எடுத்துப் பார்த்தால், ஆணியில் வளைந்த இடத்திலேதான் முதல் வெடிப்பு இருக்கும். மின்மோட்டர் ஓடும் அறையிலும் அதை வைக்கக்கூடாது. பொறி பறக்கும் மோட்டர் தானே ஓசோனைப் பிறப்பிக்கும். கறுப்புக் காகிதத்தில் சுற்றி, இருண்ட அலுமாரியின் அடித்தட்டில் தளர்வாக நீட்டிக் கிடத்துவதே முறை.