மனை விற்க பிளாக் எழுதும் ஏஜென்ட்டுகள்: பலன் என்ன? சட்டம் என்ன சொல்கிறது? வாங்குபவர் எதைக் கவனிக்கணும்?

"ஊரப்பாக்கத்துல அரை கிரவுண்டு என்ன விலை போகுது?" இந்தக் கேள்வியை முன்பெல்லாம் தெருமுனையில் போர்டு மாட்டியிருக்கும் புரோக்கரிடம் கேட்போம். இப்போது பலரும் முதலில் கேட்பது கூகுளிடம்தான். தேடல் முடிவில் வந்து நிற்பவற்றில் பல, ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகளும் கட்டுமான நிறுவனங்களும் எழுதும் வலைப்பதிவுகள், அதாவது பிளாக்குகள்.

படிக்கும்போது தகவல் மாதிரி இருக்கும். ஆனால் அது விளம்பரமாகவும் இருக்கலாம். அதை நம்பி அட்வான்ஸ் கொடுப்பவரின் கையில் இருப்பதோ பல வருடச் சேமிப்பு. அதனால் எழுதுபவர், படிப்பவர் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை இங்கே பார்க்கலாம்.

ஏஜென்ட்டுகள் ஏன் பிளாக் எழுதுறாங்க?

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நோட்டீஸ் அடித்தால் அடுத்த நாள் குப்பைக்குப் போகும். ஆனால் "பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று தெளிவாக எழுதிய ஒரு பதிவு, இரண்டு வருடம் கழித்தும் தேடி வருபவரின் கண்ணில் படும். செலவும் குறைவு.

இன்னொரு காரணம் நம்பிக்கை. மனை வாங்குபவர் உடனே போன் செய்ய மாட்டார். முதலில் படிப்பார், வீட்டில் பேசுவார், பிறகுதான் கூப்பிடுவார். அந்த இடைவெளியில் அவர் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தவர் யாரோ, அவருக்குத்தான் முதல் போன் போகும்.

எப்படி எழுதினால் பலன் கிடைக்கும்?

பில்டர் கொடுத்த பிரோஷரை அப்படியே ஒட்டினால் பலன் இல்லை. அதே வரிகளை இன்னும் பல ஏஜென்ட்டுகள் போட்டிருப்பார்கள். தேடலில் மேலே வருவது கஷ்டம். ஒரு பதிவுக்கு ஒரு ஏரியா, ஒரு கேள்வி, ஒரு பதில் என்று இருந்தால் போதும். மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா? நிலத்தடி நீர் உப்பா, நல்ல தண்ணியா? லாரி தண்ணிக்கு மாசம் எவ்வளவு ஆகும்? பஸ் எத்தனை மணி வரை இருக்கு? இதெல்லாம் அந்த ஏரியாவில் தினமும் சுற்றும் ஏஜென்ட்டுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். குறையையும் சேர்த்து எழுதினால், படிப்பவர் நிறையை நம்புவார்.

தேதி ரொம்ப முக்கியம். ஒரு உதாரணம்: தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. முத்திரைத் தீர்வையும் சேர்த்து 11 சதவீதமாக இருந்த மொத்தச் செலவு 9 சதவீதமானது. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் மேலும் 1 சதவீதம் சலுகை உண்டு. பழைய பதிவைத் திருத்தாமல் விட்டால், 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தில் 80,000 ரூபாய் கணக்கு தப்பாகப் போகும். அந்த வாடிக்கையாளர் திரும்பி வருவாரா?

பிளாக் பதிவும் விளம்பரம்தானா?

ஆம். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, விளம்பரம் என்பதற்கு விரிவான விளக்கம் தருகிறது. எந்த ஊடகம் வழியாகவும், எந்த வடிவிலும் ஒரு திட்டத்தைப் பற்றி மக்களுக்குத் தெரிவித்து வாங்க அழைப்பது விளம்பரம்தான். பேப்பரில் வந்தால்தான் விளம்பரம் என்று அதில் இல்லை.

இதனால் வரும் கட்டுப்பாடுகள்:

* பதிவு செய்ய வேண்டிய திட்டத்தை ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. மீறும் புரமோட்டருக்குத் திட்ட மதிப்பீட்டில் 10 சதவீதம் வரை அபராதம்.
* புரமோட்டர் வெளியிடும் விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் பளிச்சென்று தெரிய வேண்டும்.
* இத்தகைய திட்டங்களை விற்றுத் தரும் ஏஜென்ட்டும் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாத திட்டத்தை அவர் விற்றுத் தரக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம்.
* விளம்பரத்தில் இருந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர், புரமோட்டரிடம் இழப்பீடு கேட்கலாம். திட்டத்திலிருந்து விலக நினைத்தால் முழுப் பணத்தையும் வட்டியுடன் திரும்பக் கேட்கலாம்.

விதிவிலக்கும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டேகால் கிரவுண்டு) மேற்படாத நிலத்தில் வரும் திட்டம், 8 வீடுகளுக்கு மேல் இல்லாத திட்டம் ஆகியவற்றுக்குப் பதிவு கட்டாயமில்லை. ஒருவர் தன் பழைய வீட்டை மறுவிற்பனை செய்யும்போதும் திட்டப் பதிவு எண் இருக்காது. அங்கே மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும்தான் பேசும்.

மகாராஷ்டிராவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் திட்ட விளம்பரங்களில் க்யூஆர் கோடு கட்டாயம். ஸ்கேன் செய்தால் திட்டத்தின் ரெரா விவரம் நேராக வந்துவிடும்.

யூடியூபர் பணம் வாங்கிக்கொண்டு பேசினால்?

அதைச் சொல்லியாகணும். பணமோ, இலவசமோ, வேறு பலனோ பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கும், 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

படிக்கும்போது எந்த வரியில் உஷாராகணும்?

"ஏர்போர்ட்டிலிருந்து 20 நிமிடம்": எந்த நேரத்தில்? ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கா? கிலோமீட்டர் கணக்கைக் கேளுங்கள். வேலை நாளில், ஆபீஸ் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை": லேஅவுட்டுக்கு டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மட்டும் போதாது. அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரப்பதிவு செய்வதிலும், பிறகு வீடு கட்ட அனுமதி வாங்குவதிலும், பேங்க் லோனிலும் சிக்கல் வரும்.

"1,000 சதுர அடி ஃபிளாட்": அது கார்பெட் ஏரியாவா, சூப்பர் பில்ட்அப் ஏரியாவா? ரெரா கணக்கு கார்பெட் ஏரியா. வெளிச்சுவர், பால்கனி அதில் சேராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாம் சேர்த்துச் சொல்லும் எண், உங்கள் கட்டில் போடும் இடமில்லை. கூடவே யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

"ப்ரீ லாஞ்ச் ஆஃபர், இன்றே புக் பண்ணுங்க": ரெரா பதிவுக்கு முன்பே புக்கிங் வாங்குவது சட்டப்படி தவறு. பதிவான திட்டமாகவே இருந்தாலும், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

"மெட்ரோ வரப்போகுது, விலை டபுள் ஆகும்": அறிவிப்பு வேறு, டெண்டர் வேறு, ரயில் ஓடுவது வேறு. வராத மெட்ரோவுக்கான விலையை இன்றைக்கே நீங்கள் கொடுக்கிறீர்களா என்று யோசியுங்கள்.

மொபைலிலேயே எப்படி சரிபார்ப்பது?

1. பதிவில் இருக்கும் ரெரா எண்ணை தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண், புரமோட்டர் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கு.
2. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் இலவசமாகப் பார்க்கலாம்.
3. வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பட்டா யார் பெயரில் இருக்கு என்று பாருங்கள். பத்திரத்தில் ஒரு பெயர், பட்டாவில் வேறு பெயர் என்றால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.
4. மூலப்பத்திரம் முதல் எல்லா ஆவணங்களையும் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவர் ஏற்பாடு செய்யும் வக்கீல் போதாது.
5. நீங்கள் படித்த பதிவை தேதியும் முகவரியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாராவது சொன்னால், ஆணையத்தில் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். பிளாக்கை அழிப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

நல்ல ஏஜென்ட்டுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. பதிவு எண், எழுதிய தேதி, ஏரியாவின் குறை ஆகிய மூன்றையும் தானாகவே எழுதி வைப்பவரிடம்தான் வாடிக்கையாளர் தயக்கமில்லாமல் போன் எடுத்துப் பேசுவார். இந்த மூன்றும் இல்லாத பதிவைப் படித்தால், போன் செய்து முதலில் அவற்றைக் கேளுங்கள். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.