சாளரம் விட்டுச் சாளரம்: உலாவித் தாவல் இடம்பெயரக் கற்ற வரலாறு

திறந்திருக்கும் ஓர் உலாவிச் சாளரத்திலிருந்து ஒரு தாவலை இழுத்து மற்றொன்றில் சேர்ப்பது இன்று ஒரு நொடி வேலை. தலைப்பைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்தால் அது தனிச் சாளரமாகப் பிரிகிறது. வேறொரு சாளரத்தின் தாவல் பட்டைமேல் கொண்டுபோய் விட்டால் அங்கே ஒட்டிக்கொள்கிறது. இதில் உண்மையான சாதனை, இடம் மாறும்போது பக்கம் மறுபடி ஏற்றப்படாமல் இருப்பதுதான். பாதி நிரப்பிய படிவமும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டும் அறுபடாமல் தொடர்கின்றன. உலாவிகள் இந்த நிலைக்கு வர ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நகரங்களில் சென்னையும் ஒன்று. 1998இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே தனியார் இணையச் சேவையைத் தொடங்கியது. பின்னாளில் சிஃபி என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தின் ‘ஐவே’ மையங்களும், மயிலாப்பூர், தி. நகர், அடையாறு தெருக்களில் முளைத்த சிறு பிரவுசிங் சென்டர்களும் ஒரு தலைமுறைக்கு இணையத்தைக் கற்றுக்கொடுத்தன. அங்கே பெரும்பாலும் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரர். அதில் ஒரு பக்கம் என்றால் ஒரு சாளரம்; பத்துப் பக்கம் திறந்தால் திரையின் அடிப்பட்டையில் பத்துப் பெட்டிகள் நெருக்கியடித்து நிற்கும். பக்கத்தை வேறு சாளரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் முகவரியை நகலெடுத்து அங்கே ஒட்டித் திறப்பது ஒன்றே வழி. அப்படிச் செய்தால் அதுவரை தட்டச்சு செய்தது போய்விடும். மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு அது சின்ன இழப்பல்ல.

தாவல் என்ற எண்ணம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1994இல் வந்த ‘இன்டர்நெட்ஒர்க்ஸ்’ உலாவியிலேயே அது இருந்தது. ஓபரா, ஒரு பெரிய சாளரத்துக்குள் பல சிறு சாளரங்களை அடக்கும் வழியில் போனது. 2001இல் மொசில்லாவும், 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0ம், 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7ம் தாவல்களைப் பொதுவழக்காக்கின. ஆனால் அந்தத் தாவல்கள் பிறந்த சாளரத்தை விட்டு வெளியேறவில்லை. 2005இல் வந்த ஃபயர்பாக்ஸ் 1.5, தாவல்களை இழுத்து வரிசை மாற்ற விட்டது. அதுவும் ஒரே பட்டைக்குள்தான். காரணம் கட்டமைப்பில் இருந்தது. பக்கத்தின் நிலை முழுவதும் அதைக் காட்டும் சாளரத்தோடு பின்னிக்கிடந்தது. ஒன்றை அசைக்காமல் மற்றொன்றை அசைக்க இயலவில்லை.

2007இல் ஆப்பிளின் சஃபாரி 3, தாவலைப் பிய்த்துத் தனிச் சாளரமாக்கும் வசதியைக் கொண்டுவந்தது. முந்திக்கொண்ட பெருமை அதற்கு உண்டு. இருப்பினும் அதை உலாவியின் அடித்தளத்திலேயே வைத்துக் கட்டியது 2008 செப்டம்பர் 2 அன்று வெளியான கூகுள் குரோம். அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் சுந்தர் பிச்சை. சென்னை அசோக் நகரில் வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பை ஐ.ஐ.டி. மெட்ராஸ் வளாகத்திலுள்ள வனவாணி பள்ளியில் முடித்தவர் அவர். குரோமில் தாவல்கள் முகவரிப் பெட்டிக்கு மேலே ஏறின. இதை அழகுக்கான மாற்றமாக மட்டும் பார்ப்பது பிழை. முகவரிப் பெட்டியும் முன்பின் பொத்தான்களும் தாவலுக்கு உள்ளே அடங்கியதால், ஒவ்வொரு தாவலும் தனக்கு வேண்டியதைத் தன்னோடு சுமக்கும் முழு அலகானது. பக்கத்தை இயக்கும் நிரல், உலாவியின் முதன்மை நிரலிலிருந்து பிரிந்து பெரும்பாலும் தனிச் செயல்முறையாக ஓடியது. ஆகவே தாவல் இடம்பெயரும்போது பக்கத்தின் இயக்கம் நிற்பதில்லை. அதன் காட்சி எந்தச் சாளரத்தில் விழ வேண்டும் என்பது மட்டுமே மாறுகிறது.

2009 ஜூன் 30 அன்று ஃபயர்பாக்ஸ் 3.5 இதே வழிக்கு வந்தது. 2011இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 வந்தபின் இது எல்லா முன்னணி உலாவிகளுக்கும் பொதுவானது. 2009 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 7, சாளரத்தைத் திரை ஓரத்துக்குத் தள்ளினால் பாதித் திரையில் பொருந்தும்படி செய்ததும் இதற்குப் பெரும் துணை.

அதன் பயன் எவ்வளவு என்பதைத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு காட்டுகிறது. நேரில் வந்து இடம் தேர்ந்த ‘ஒற்றைச் சாளர முறை’ 2018இல் இணையவழிக்கு மாறியது. விருப்பப் பட்டியலை நிரப்பும் மாணவர், முந்தைய ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைத் தனித் தாவலில் திறக்கிறார். அதை வெளியே இழுத்து வலப்பாதியில் நிறுத்துகிறார். இடப்பாதியில் கல்லூரிக் குறியீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார். கண் இங்கும் அங்கும் போய்வருகிறது, நிரப்பியது கலைவதில்லை.

தடையான எல்லைகளும் உண்டு. மறைநிலைச் சாளரத்திலுள்ள தாவல், சாதாரணச் சாளரத்தில் ஒட்டாது. இரண்டும் தனித்தனிக் குக்கிகளை வைத்திருப்பதால், ஒன்றின் உள்நுழைவு மற்றொன்றுக்குத் தெரியக் கூடாது என்பதே நோக்கம். இது குறையன்று, தேவையான காவல்.

தமிழில் இதற்குப் பெயர் இன்னும் ஒன்றாகவில்லை. பேச்சில் ‘டேப்’, எழுத்தில் ‘தாவல்’ பரவலாக வழங்குகிறது, ஃபயர்பாக்ஸின் தமிழ் இடைமுகம் ‘கீற்று’ என்றது. சாளரம் விட்டுச் சாளரம் தாவும் பொருளுக்குத் ‘தாவல்’ இயல்பாகவே பொருந்துகிறது.

2023 மே மாதம் சோஹோ நிறுவனம் ‘உலா’ என்று தமிழிலேயே பெயரிட்ட உலாவியை வெளியிட்டது. மத்திய மின்னணு அமைச்சகம் நடத்திய இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025இல் அது முதல் பரிசான ரூ. 1 கோடியைப் பெற்றது. பணி, சொந்தம், குழந்தைகள் எனத் தனித்தனிப் பயன்முறைகளாகப் பிரித்துத் தரவைக் காப்பது அதன் தனித்தன்மை. குரோமியம் என்ற திறமூலத் தளத்தின்மேல் கட்டப்பட்டதால், தாவலை இழுத்துப் பிரிக்கும் பொறியமைப்பு அதற்கு 2008இன் குரோம் வழியே வந்து சேர்ந்திருக்கிறது.