மனப் பூட்டும் கைப்பேசிச் சாவியும்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்குப் பூட்டு நினைவுக்கு வரும். அங்கே கையால் செய்யப்படும் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு வாங்குபவர் முதலில் என்ன கேட்பார்? "இதற்கு இன்னொரு சாவி எவரிடமாவது இருக்குமா?" என்றுதானே! மனச்சோர்வைப் போக்குவதற்கென்று வந்துள்ள கைப்பேசிச் செயலிகளிடமும் நாம் இதையே கேட்க வேண்டியிருக்கிறது.

எலிசாவின் கதை

இக்கேள்வி கைப்பேசியைவிட மூத்தது. 1966-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர் 'எலிசா' என்ற கணிப்பொறி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சிடும் சொற்களையே சற்று மாற்றி, மனநல மருத்துவரைப் போல அது கேள்வியாகத் திருப்பித் தரும். பொருள் எதுவும் அதற்குப் புரியாது. ஆயினும், அது உருவானதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்ட செயலாளர் அம்மையாரே, அதனுடன் பேசத் தொடங்கியதும், அறையைவிட்டு வெளியே செல்லுமாறு வைசன்பாமைக் கேட்டுக்கொண்டாராம்! பிறருடைய உரையாடல்களைப் பார்வையிடலாமா என்று அவர் யோசனை கூறியபோது, "அந்தரங்கத்தை வேவு பார்ப்பதா?" என்று எதிர்ப்பு எழுந்தது.

அதே ஆண்டில் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஒரு கணிப்பொறி மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கக் கூடும் என்று எழுதினர். வைசன்பாமோ, கணிப்பொறியால் செய்ய முடிந்தாலும் அதனிடம் விடக்கூடாத பணிகள் உண்டு என்று 1976-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

பேருந்தில் வந்த மருத்துவம்

கோல்பியின் எண்ணத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. மனச்சோர்வுற்றோருள் மிகப் பெரும்பாலோர்க்குச் சிகிச்சை எட்டவில்லை என்பதை நம் நாட்டில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு காட்டியது. இக்குறையைத் தீர்க்கச் சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட்டியது. அதிலிருந்த திரை வழியே சென்னை மருத்துவர் நோயாளியுடன் பேசினார்; மருந்து பேருந்திலேயே கிடைத்தது. அங்கே கருவி குரலைச் சுமந்தது. பொறுப்பை மனிதர் சுமந்தனர்.

செயலி தரும் படிப்பினை

'வோபாட்' என்ற உரையாடும் செயலியை 2017-இல் 70 இளைஞர்களைக் கொண்டு சோதித்தனர். இரண்டு வாரத்தில் அதைப் பயன்படுத்தியோரிடம் சோர்வு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 2025 ஜூன் இறுதியில் அச்செயலி நிறுத்தப்பட்டது. அதையே துணையாகக் கொண்டிருந்தவர் என்ன செய்வார்?

ஆலோசகருடன் இணைத்துவைக்கும் 'பெட்டர்ஹெல்ப்' நிறுவனம், பயனாளர்களின் மனநலத் தகவல்களை ஃபேஸ்புக் முதலியவற்றுக்கு விளம்பரத்திற்காக அளித்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 78 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. இரண்டாவது சாவி இருந்தது என்பதுதானே இதன் பொருள்!

இனி, வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே கைப்பேசி. அவள் எழுதியதை அண்ணனும் படிக்கலாம். "நெஞ்சு பாரமா இருக்கு" என்று அவள் எழுதினால், ஆங்கிலத்தில் பழகிய செயலி அதை மாரடைப்பு என்று கொள்ளுமா, மனவேதனை என்று கொள்ளுமா? "வாழவே பிடிக்கலை" என்று எழுதினால் நள்ளிரவில் யார் ஓடி வருவார்?

நீங்கள் கேட்க வேண்டியவை

மனநோயாளியின் செய்திகளை இரகசியமாகக் காப்பது அவருடைய உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. மருத்துவரிடம் எதிர்பார்க்கும் அதே நாணயத்தைச் செயலியிடமும் எதிர்பாருங்கள். என் சொற்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன? பயன் உண்டு என்று யார் சோதித்தார்கள்? ஆபத்து நேர்ந்தால் எந்த மனிதர் பதில் சொல்வார்? மூன்றுக்கும் விடை இல்லையெனில், அங்கே நெஞ்சைத் திறவாதீர்கள்.

மனிதக் குரலே வேண்டுமென்றால், 2022 முதல் இயங்கும் 'டெலிமானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். செயலி நல்ல கைத்தடியாகலாம். உடன் நடப்பவர் ஆகிவிடாது.