தோற்ற அணிக்கு வேண்டிய மலையன்

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் 'குவார்ட்டர்பேக்' என்றோர் இடம் உண்டு. நாம் அறிந்த கால்பந்தன்று அது; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியின் நிலத்தைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றிச் செல்லும் ஆட்டம். தாக்கும் அணியின் பந்து ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் முதலில் இவன் கைக்கே வரும். எறிவதா, அருகில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை எதிரிகள் தன்மேல் பாயுமுன் ஓரிரு நொடிகளில் அவன் முடிவு செய்தாக வேண்டும். களத்தில் நிற்கும் படைத்தலைவன் என்றே அவனைச் சொல்லலாம்.

ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்கையில், முந்தைய பருவத்தில் மிக மோசமாகத் தோற்ற அணிக்கே முதல் உரிமை என்பது அங்குள்ள வழக்கம். 2007இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி அவ்வுரிமையைக் கொண்டு, பந்தை வெகுதொலைவு எறியும் தோள்வலி படைத்த ஜமார்கஸ் ரஸ்ஸலைத் தேர்ந்தது. 2010இல் அவரை விடுவித்தது. 2000ஆம் ஆண்டில் உடற்திறன் சோதனைகளில் எவரையும் கவராமல், 199ஆவது ஆளாகத் தேர்வானவர் டாம் பிரேடி; ஏழு முறை வாகையர் பட்டம் வென்றவரும் அவரே. அப்படியெனில், நலிந்த அணி தன் தலைவனிடம் எதைத்தான் பார்க்க வேண்டும்?

இதே கேள்வி சங்ககாலத்து வேந்தர் முன்னும் நின்றது. தம் படை போதாதபோது அவர்கள் நாடிய இடம் தென்பெண்ணைக் கரையில் இருந்த கோவலூர். 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவலூர்தான் அது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர் எழுந்து நிற்க, பெண்ணையாறு பாயும் இந்நிலப்பரப்பை மலையமான்கள் ஆண்டனர். அவர்களுள் புகழ்மிக்கவன் திருமுடிக்காரி. மூவேந்தருள் ஒருவரிடமிருந்து மாற்றி ஒருவரிடமிருந்து, துணையாக வரும்படி வேண்டி அவனுக்குப் பொருள் வந்துகொண்டே இருந்ததையும், வந்ததை எல்லாம் அவன் இரவலர்க்கு ஈந்துவிட்டதையும் கபிலர் பாடியிருக்கிறார் (புறநானூறு 122).

அவன் வீரத்துக்குச் சான்றுகள் பல. ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்தவன் காரி என்கிறது அகநானூறு 209. முள்ளூரில் திரண்டு வந்த ஆரியர், மலையன் ஒருவனின் வேலுக்கு ஆற்றாமல் ஓடியதை நற்றிணை 170 உவமையாகவே சொல்கிறது. தோள்வலியை மட்டும் அளப்பவருக்கு இவையே போதும். ஆனால் புலவர்கள் இத்துடன் நின்றுவிடவில்லை.

புறநானூறு 125 வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் பாடியது. மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருத போரில், சோழனுக்குத் துணை நின்றவன் தேர்வண் மலையன். வென்ற சோழன், தனக்கு வெற்றி தந்தவன் இவனே என்கிறான். தோற்ற சேரனும், இவன் மட்டும் வாராதிருந்தால் இப்போரை வெல்வது எளிதாயிருக்கும் என்று அவனையே சொல்கிறான். வென்றவன் சொல்லில் நன்றிக்கும் முகமனுக்கும் இடமுண்டு. தோற்றவனுக்கு அந்தக் கடப்பாடு எதுவுமில்லை. ஆகவே நலிந்த அணி ஒருவனை எடைபோடும்போது, அவனைப் புகழ்வோரைக் கேட்பதைவிட அவனை எதிர்த்து நின்றோரைக் கேட்பது நல்லது.

அடுத்தது தோல்வியில் அவன் நிற்கும் நிலை. மாறோக்கத்து நப்பசலையார் மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணனைப் பாடுகையில் (புறநானூறு 174) அவன் முன்னோன் ஒருவனை நினைவுகூர்கிறார். போரில் தோற்ற சோழன் முள்ளூர் மலையுச்சியில் ஒளிந்திருந்தான். அவனைக் காத்து, மீண்டும் குடைக்கீழ் அமர்த்தியவன் அம்மலையன். அசுரர் மறைத்த ஞாயிற்றைத் திருமால் மீட்டுக் கொணர்ந்தது போல என்பது புலவரின் உவமை. வெல்லும் படைக்கு முன்னால் நடக்கப் பலர் கிடைப்பர். குடையிழந்து ஓடிவந்தவனுக்குத் தன் மலையைத் திறந்துவிடுபவன் அரியவன். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு முதலில் வேண்டியவன் அவனே. ஏனெனில் அவன் வந்த மறுநாளே வெற்றி வந்துவிடாது.

மூன்றாவது, தேர்வோரின் கண். கபிலர் காரியிடமே ஒரு குறை கண்டார் (புறநானூறு 121). பலரும் பரிசில் நாடி வருவர். கொடுப்பது எளிது, ஒவ்வொருவரின் தரம் அறிவதுதான் அரிது. ஆகவே புலவரை எல்லாம் ஒன்றுபோலப் பார்ப்பதை விடு என்று இடித்துரைத்தார். இதைப் பழந்தமிழ் 'வரிசை அறிதல்' என்றது. தரம் அறியாத கையில் முதல் உரிமை இருந்தென்ன, கடைசி உரிமை இருந்தென்ன?

இத்தனை இருந்தும் ஒருவனால் ஆகக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. பிறருக்கு வெற்றி தேடித்தந்த மலையமான்களின் கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி அழித்தான். ஔவையார் அதைப் பாடுகிறார் (புறநானூறு 99). திருக்கோவலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அங்கே ஒரு பாழியைக் கொடையளித்ததைச் சொல்கிறது. மலையமான் நிலத்தின் நடுவில் தகடூர்த் தலைவனின் பெயர் இன்றும் பாறையில் நிற்கிறது.

வேந்தர்கள் இவர்களுக்குப் பட்ட கடனை எப்படித் தீர்த்தனர் என்பதற்குப் புறநானூறு 46 சாட்சி. மலையமான் ஒருவனின் சிறு மக்களை யானைக்காலில் இடறுவிக்க முற்பட்டான் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். அவன் சோழன், எந்தக் குடிக்கு முள்ளூர் ஒருகாலத்தில் புகலிடம் தந்ததோ அக்குடியினன். கோவூர்கிழார் குறுக்கே நின்றார். புறாவுக்காகத் தன்னையே தந்தவனின் மரபில் வந்தவன் நீ. புலவர் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்டவரின் மரபில் வந்தவர்கள் இவர்கள் என்றார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, பின் மன்றத்தைப் பார்த்து மருளும் குழந்தைகளைச் சுட்டிக் காட்டினார். குழந்தைகள் பிழைத்தனர் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு.

அவர்களைக் காப்பாற்ற எந்த வேந்தனும் படையோடு வரவில்லை. வந்தவர் ஒரு புலவர். நலிந்த அணிகள் தலைவனைத் தேடும்போது அவன் தமக்கு என்ன தருவான் என்றே கணக்கிடுகின்றன. அவன் தளரும் நாளில் தாம் அவனுக்கு என்ன தருவோம் என்பதும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.